ஏகாம்பரத்தின் ஹாட்ஸ்பாட்

சுவரில் ஓட்டை போடும் மிஷின் கிர்ரென்று கத்தத் தொடங்கியதும் ஏகாம்பரத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. போன் இருந்தது. இல்லாமல் எங்கே ஓடிப்போகும், அதற்கென்ன காலா முளைத்திருக்கிறது? ஆனாலும் காலையிலிருந்து கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி. ஏணிமேல் நின்ற கேபிள்காரர் சகாயம், “சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தலையில தூசி விழுது” என்றார். விழட்டும். இந்த நாற்காலியை விட்டு எதற்காகத் தள்ள வேண்டும், இந்த ஜன்னலுக்குக் கீழே எத்தனை வருஷமாகக் கிடக்கிற நாற்காலி, நேற்று வந்த ஒயருக்காக அது நகர வேண்டுமா? திருநின்றவூரில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஃபைபர் வரவே வராது என்று தெருவே சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் அதற்கும் வழி பிறந்துவிட்டது. மோனிஷாதான் தன் சம்பளத்தில், தானே பேசி, தானே பணத்தையும் கட்டி ஏற்பாடு செய்திருந்தாள். பெற்ற பெண், ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஸ்தூரி தோசைக் கரண்டியோடு வந்து நின்று, “நாளைக்கு நெட்டுக்காரர் வர்றாராம், நீங்க லீவு போட்டுடுங்க” என்று சொன்னதோடு சரி. ஆடி மாதத்திலிருந்து மோனிஷா அவரிடம் பேசுவது ஒரே ஒரு வார்த்தைதான். காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி, “ஹாட்ஸ்பாட்” என்பாள். அவர் போனை எடுத்து ஆன் செய்வார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. இந்த ஒயர் உள்ளே வந்துவிட்டால் அந்த ஒரு வார்த்தைக்கும் இந்த வீட்டில் வேலை இல்லை. அதை நினைத்தால்தான் கை பைக்குப் போகிறது, மற்றபடி ஃபைபர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரி படுக்கப் போகுமுன் ஹாட்ஸ்பாட்டை எதற்காக அணைக்கிறார் என்பதை. “அது பாட்டுக்கு இருக்கட்டுமே, தினம் தினம் எதுக்கு அணைச்சு அணைச்சுப் போடுறீங்க?” என்று கஸ்தூரி கேட்டபோது, பேட்டரி போயிடும் என்று ஒரு போடு போட்டார். பேட்டரியாவது மண்ணாவது. அணைத்தால்தானே காலையில் கேட்பாள். கேட்டால்தானே அந்தக் குரல் காதில் விழும். ஒருநாள் மறந்துபோய் ஆனிலேயே விட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை, அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தாறு வயசு ஆம்பளை செய்கிற காரியமா இது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கேட்க யார் இருக்கிறார்கள்? மிஷின் நின்றது. சுவரில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியாக வெளி வெளிச்சம் ஒரு கோடாக வந்து டிவி மேல் விழுந்தது. சகாயம் ஓட்டையை ஊதினார். சிமெண்ட் வாசனை. இந்த வாசனை வந்தால் புது வீடு ஞாபகம் வரும் எல்லாருக்கும். ஏகாம்பரத்துக்கு அந்த அடைபட்ட வருஷம் ஞாபகம் வந்தது. ஊரடங்கு வந்த வருஷம்தான் இந்த வீட்டு மாடியில் விரிசலுக்குப் பூச்சுப் பூசினார்கள். ஆளுக்கொரு மூலையில் கிடந்த குடும்பம் ஒரே ஹாலுக்குள் வந்து விழுந்ததும் அந்த வருஷம்தான்.

அதுவரை இந்த வீட்டில் ஏகாம்பரம் யார்? விடியுமுன் ரயிலைப் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போவார், ஸ்பிரிங் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷன், லாரிக்காரர்களோடு நாள் பூராவும் தொண்டை வற்றக் கத்துவார், வருவார், தின்பார், தூங்குவார். பிள்ளைகளுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிற கறிக்குழம்பு மாதிரி. திடீரென்று எல்லாவற்றையும் பூட்டினார்கள். மோனிஷாவுக்குக் கல்லூரி லேப்டாப்பில் வந்தது, லோகேஷுக்குப் பள்ளிக்கூடம் ஒரு பழைய டேப்லெட்டில் வந்தது. வீட்டில் நெட்டு ஏது? இருந்த சின்னச் சின்ன ரீசார்ஜ் எல்லாம் ஒரு வகுப்புக்கே தாங்கவில்லை, மத்தியானத்துக்குள் நாக்கைத் தள்ளிவிடும். அப்போதுதான் மோனிஷா அவர் போனை வாங்கி என்னவோ நோண்டிப் பார்த்துவிட்டு, “அப்பா! உங்க கம்பெனி கனெக்‌ஷனுக்கு லிமிட்டே இல்லப்பா! எவ்ளோ இழுத்தாலும் தீராது! இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டு குட்மார்னிங் மெசேஜா அனுப்பிட்டு இருந்தீங்க?” என்று கூவினாள். அந்தக் கூவல். அந்த ‘அப்பா’. அப்படி ஒரு ‘அப்பா’வை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. புதையல் எடுத்தவள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, புதையலே தான்தான் என்கிற மாதிரியும் இருந்தது. லோகேஷ் ஓடிவந்தான், கஸ்தூரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஹாட்ஸ்பாட் என்ற சொல்லையே அவர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார். ஹாட்டு என்றால் சூடு, சரிதான், போன் பத்து நிமிஷத்தில் கொதித்துவிட்டது.

டவர் இந்த ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் கிடைத்தது. கஸ்தூரி ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கொண்டுவந்து ஜன்னல் கொக்கியில் மாட்டினாள், போனை அதற்குள் போட்டார்கள், பையின் மேல் யாரோ ஒரு மணமக்களின் பேர் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே இந்த நாற்காலி. கம்பெனியிலிருந்து, லாரிக்காரர்களிடமிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பதால் அவர் போனை விட்டு நகரக் கூடாது. போனை நம்பிப் பிள்ளைகள் இருப்பதால் பிள்ளைகளும் நகரக் கூடாது. சோபாவின் இந்த முனையில் மோனிஷா, கீழே பாயில் லோகேஷ், சமையல்கட்டு வாசலில் கஸ்தூரி, அவளுக்குக் கோலம் போடுகிற வீடியோ. பத்தடிக்குள் மொத்தக் குடும்பமும். உள் அறைக்குப் போனால் வட்டம் சுற்றும், படம் நிற்கும், அதனால் யாரும் உள் அறைக்குப் போகமாட்டார்கள். யாராவது தும்மினால் பிள்ளைகள் இரண்டு பேரும் மைக்கை அணைப்பார்கள். மோனிஷாவின் பேராசிரியர் ஒருவர் இருமி இருமிப் பாடம் நடத்துவார், அவருக்காகக் கஸ்தூரி கவலைப்பட்டு, “சுக்குக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொல்லுடி” என்று மைக்கில் சொல்லிவிட, அந்தப் பேராசிரியர் “சரிங்கம்மா” என்றாரே, வகுப்பே சிரித்ததே, மோனிஷா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாளே. சித்திரை வெயிலில் போன் அடுப்புக் கல்லாகக் காய்ந்தபோது டேபிள் ஃபேனைத் திருப்பிப் போனுக்கு வைத்தார்கள். வேர்த்து ஊற்றுகிறவன் நான், காற்று போனுக்கா என்று அவர் கேட்க, “உங்களுக்கு வேர்த்தா தொடைச்சிக்கலாம்பா, அதுக்கு வேர்த்தா எனக்கு அரியர்பா” என்றாள். பாவிப் பெண், என்ன வாய்! அந்த வாய்தான், ஆடியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

“பாக்ஸை எங்க சார் வைக்கலாம்?” என்று சகாயம் கேட்டார். கையில் வெள்ளையாக ஒரு டப்பா, இரண்டு கொம்பு. ஏகாம்பரம் வாயைத் திறக்குமுன் கஸ்தூரி, “டிவி பக்கத்துலயே வைங்க, அப்பதான் ரூமுக்கும் எட்டும்” என்றாள். ரூமுக்கும் எட்டும். அதற்குத்தானே எல்லாம். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் மோனிஷாவின் செருப்பு தெரிந்தது, வீட்டுக்குள் போடுகிற ஊதா ரப்பர் செருப்பு. இன்றைக்குக் காலையிலும் அந்தச் செருப்புச் சத்தத்தோடு வந்துதான் கேட்டாள். கடைசித் தடவையாகக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும். ஆனாலும் அதே குரல், அதே ஃப்ரிட்ஜ். அவர்தான் வேண்டுமென்றே மெதுவாக, கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, போனைத் திறந்து, தப்பான இடத்தில் அமுக்கி, திரும்ப வந்து, அவளை நிற்க வைத்தார். நின்றாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தலைக்குக் குளித்திருந்தாள், சீயக்காய் வாசனை. ஆன் ஆனதும் போய்விட்டாள். இப்போது போன் திரையில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்: மூன்று. மோனிஷா லேப்டாப், லோகேஷ், கஸ்தூரி. இந்தப் பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து கம்பெனியில் உட்கார்ந்திருந்தால்கூட, அங்கே இருந்து ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும், சாப்பாட்டு நேரத்தில் கையில் இருக்கிற இன்னொரு போனில் அந்த இடத்தை ஒருமுறை திறந்து பார்ப்பார். பூஜ்ஜியம் என்றிருக்கும். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று மூடிவிடுவார். ஊரடங்கு முடிந்து கம்பெனி திறந்தபோது பெரிய சண்டையே நடந்தது வீட்டில், போனை விட்டுவிட்டுப் போகச் சொல்லி. போன் இல்லாமல் டெஸ்பாட்ச் பார்க்க முடியுமா? கடைசியில் கம்பெனியே அவருக்கு லாரிக்காரர்கள் பேச வேறொரு போன் கொடுத்துவிட்டது. பழைய நம்பரை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்க மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் எழுமுன்னால் கிளம்புகிறவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் போக ஆரம்பித்தார். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு முதுகு வலி என்றார். முதுகு நன்றாகத்தான் இருந்தது. போகும்போது போனைப் பையில் போட்டு ஜன்னலில் மாட்டிவிட்டுப் போவார், அந்த நேரத்தில் போனுக்கு அவர் தேவைப்படவில்லை, வீட்டுக்கும்தான். அந்த இடத்தில்தான் நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. அவர்கள் சுற்றி உட்கார்ந்தது போனைச் சுற்றியா, அவரைச் சுற்றியா? இதை எத்தனை தடவை யோசித்தாயிற்று. யோசித்தால் ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றேதான் வருகிறது, அதனால் பாதியிலேயே வேறு எதையாவது யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

வியாசர்பாடியில் அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காம்பவுண்டில் பன்னிரண்டு குடித்தனத்துக்கு ஒரே குழாய். குழாயடியில் நடக்காத சண்டை கிடையாது. குடத்தால் அடித்துக்கொள்வார்கள், பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் சேர்த்து இழுப்பார்கள். ஆனால் கோடிவீட்டில் அம்மா வயிற்று வலியில் சுருண்டு கிடந்த அன்றைக்கு, இன்னும் குடம் எடுத்துக்கொண்டு கோடிவீட்டுக்காரி வரவில்லையே என்று குழாயடியில்தான் முதலில் கேட்டார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு சண்டை நின்றது. நின்றதா, நின்றது. எல்லாரும் நிம்மதி என்றார்கள். பக்கத்து வீட்டில் யார் செத்தார்கள் என்பதே பறைச் சத்தம் கேட்டால்தான் தெரிந்தது. இப்போது எதற்கு இது? ஒன்றுமில்லை. டப்பாவுக்கு ஆணி அடிக்கிற சத்தம் டக் டக்கென்று மண்டைக்குள் போகிறது, அதனால் என்னென்னவோ கிளம்பி வருகிறது. “அந்த ஆணியை மெல்லத்தான் அடிங்களேன்” என்றார். சகாயம் திரும்பிப் பார்த்து, “மெல்ல அடிச்சா நிக்காது சார்” என்றார். நியாயம்தான்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு வந்த அந்தப் போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம், இருந்திருக்கலாம், எத்தனை இருந்திருக்கலாம். விருத்தாசலத்திலிருந்து தெய்வானை அக்கா. அக்கா தனிக்கட்டை, தினம் காலைச் சாப்பாடு முடித்ததும் தம்பிக்கு ஒரு போன் போட்டால்தான் அவளுக்குச் செரிக்கும். ஒரே ஒரு நாள் எடுக்காமல் விட்டதற்கு, பஸ் ஏறி நேரில் வந்து வாசலில் நின்று, “உசிரோட இருக்கியா?” என்று கேட்டவள். மோனிஷாவுக்கு அன்றைக்கு இன்டர்வியூ, புனேயில் பெரிய கம்பெனி, கடைசிச் சுற்று, அதை முடித்தால் வேலை கையில். தெருமுனையில் புது டவர் வந்தபின் அறை வாசலிலும் சிக்னல் கிடைத்தது, அதனால் உள் அறைக்கும் நெட்டு எட்டுகிற மாதிரி போனை ஜன்னலிலிருந்து எடுத்து அறை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள், ஸ்டூல் பக்கத்தில் காவலுக்கு அவர். இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கீழே நைட் பேண்டோடு உட்கார்ந்திருந்தாள் அவள், கழுத்து வரைக்கும்தானே தெரியும். கதவு இடுக்கு வழியே அவள் இங்கிலீஷில் பேசுவதைக் கேட்டு அவருக்கு ஒரு பெருமை, ஒன்றும் புரியாத பெருமை. அப்போது போன் அடித்தது. அந்தப் போனில் பேச்சு வந்தால் நெட்டு நின்றுவிடும். இது அவருக்குத் தெரியும். தெரியுமா? தெரியும், ஆயிரம் தடவை திட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கணத்தில் தெரிந்ததா? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. மறந்துபோய் எடுத்தாரா, இரண்டு நிமிஷம்தானே என்று எடுத்தாரா, அல்லது ஸ்டூலில் இருக்கிற போன் தன் போன் என்று எல்லாருக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்தத்தான் எடுத்தாரா? ச்சே, அப்படியெல்லாம் இல்லை. இல்லை. கை பழக்கத்தில் எடுத்தது. “அக்கா, அப்புறம் பேசுறேன்” என்று சொல்லத்தான் எடுத்தார், அக்கா விட்டால்தானே, சித்ரான்னம் அஞ்சு வகை கிளறினேன்டா, திங்க ஆள் இல்லையேடா தம்பி என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளை எப்படி வெட்டுவது? மோனிஷா வெளியே வந்தாள். “கட் ஆயிடுச்சுப்பா. வைங்கப்பா. அப்பா, வைங்கப்பா.” அவர் ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. அந்த விரல். அந்த விரலை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

திரும்ப இணைப்பதற்குள் அந்தப் பக்கம் எழுந்துபோய்விட்டார்கள். மறுபடி கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள், சண்டையாகக்கூடக் கேட்கவில்லை, “ஒரு கால் எடுக்காம இருந்திருக்கலாமேப்பா” என்றாள். அப்போதே, தப்புத்தான்மா என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், முடிந்திருக்கும். அப்பன்காரன் என்று ஒரு வீம்பு இருக்கிறதே, அது முந்திக்கொண்டது. “என் போன், எனக்கு வர்ற காலை நான் எடுக்கக் கூடாதா? ஓசி நெட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கே சட்டம் போடுறியா?” என்றார். ஓசி. அந்தச் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. கஸ்தூரி, “என்ன பேச்சுங்க இது!” என்றாள். லோகேஷ் டேப்லெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். மோனிஷாவுக்குப் பதில் சொல்லத் தெரியாதா? அதே வாய்தானே, நாலு வார்த்தையில் அவரை மடக்கியிருக்கலாம், உங்களுக்கும் அது கம்பெனி குடுத்த ஓசிதானேப்பா என்று கேட்டிருந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்? கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், சரி என்பது போல. பெற்றவன் பிள்ளைக்குக் கொடுக்கிறது ஓசியா? அப்படியானால் சோறு ஓசி, சட்டை ஓசி, பேர் ஓசி. எப்படி வந்தது அந்தச் சொல், லாரிக்காரர்களிடம் பேசிப் பேசி நாக்கு தடித்துவிட்டதா? மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அப்பன்மாருக்கு எங்கே இருக்கிறது. மறுநாள் ராத்திரி வரும்போது பரோட்டா வாங்கி வந்தார், அவளுக்குப் பிடித்த கடையில், சால்னா தனியாக. “எனக்குப் பசிக்கலம்மா” என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அடுத்த வாரம் ஒரு கைக்கடிகாரம். அது பெட்டி பிரிக்காமல் டிவி மேல் இருந்தது, பிறகு எங்கேயோ போயிற்று. ஐப்பசியில் அவளுக்கு வேறு வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே பார்க்கலாம், புனே அளவுக்கு இல்லை. அதையும் கஸ்தூரிதான் சொன்னாள். இன்றைக்குச் சுவரில் போடுகிற இந்த ஓட்டை, ஆடியில் சொன்ன அந்தச் சொல்லுக்கு அவள் தருகிற பதில் என்று ஏகாம்பரத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“லைட்டு பச்சை வந்துடுச்சு” என்றார் சகாயம், பிரசவம் பார்த்த நர்ஸ் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக. கஸ்தூரி கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தாள். அறைக் கதவு திறந்தது, மோனிஷா வந்து டப்பாவுக்குக் கீழே நின்று தன் போனில் என்னவோ தட்டினாள், பேர் வைத்தாள், பாஸ்வேர்டு வைத்தாள், அம்மாவின் போனை வாங்கி அதிலும் போட்டாள். “எவ்ளோ வேகம்!” என்று லோகேஷ் பாத்ரூமிலிருந்து வந்த ஈரத் தலையோடு கத்தினான். ஏகாம்பரம் நாற்காலியில் இருந்தபடியே தன் போனைத் திறந்து அந்தப் பட்டியலைப் பார்த்தார். மூன்று இருந்தது. இரண்டாயிற்று, லோகேஷைக் காணோம். அவனுக்கு எப்போதும் அவசரம். பிறகு கஸ்தூரி போனாள், கட்டிக்கொண்டு வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல். மோனிஷா லேப்டாப் மட்டும் இருந்தது. அவள் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஆனாலும் இருந்தது. ஏகாம்பரம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இருந்தது. சகாயம் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “சார், உங்க போனையும் சேத்துவிட்டுடவா?” என்று கேட்டார். “நமக்கு எதுக்கு, நம்மகிட்டதான் கம்பெனி கனெக்‌ஷன் இருக்கே” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். ஒருவேளை அவள் மாற்றாமலே இருந்துவிட்டால்? மறந்து அல்ல, வேண்டுமென்றே. அப்படியும் இருக்கலாம் இல்லையா, பெண் பிள்ளைகள் மனசை யார் கண்டது, உள்ளே கோபம் வேறு, பாசம் வேறு என்று வைத்திருப்பார்கள். இப்படி அவர் ஒரு கோட்டையே கட்டிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பும் போயிற்று. கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு மாறலாம் என்று இருந்திருப்பாள், அவ்வளவுதான். பூஜ்ஜியம் என்று காட்டியது போன்.

சகாயம் இறங்கிப் போனார். லோகேஷ் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டான், அங்கேயும் எட்டுகிறதாம். கஸ்தூரி சமையல்கட்டுக்குள்ளேயே போனைச் சாத்தி வைத்துக்கொண்டாள், அங்கேயும் எட்டுகிறது. ஹாலில் யாருமில்லை. எல்லா இடத்துக்கும் எட்டினால் எல்லாரும் எல்லா இடத்துக்கும் போவார்கள்தானே. ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து தூசியைப் பார்த்தார். பெருக்க வேண்டும். நாளைக் காலை எழுந்தால் செருப்புச் சத்தம் வரும், ஃப்ரிட்ஜ் திறக்கும், தண்ணீர் பாட்டில் எடுப்பாள், போய்விடுவாள். நாளன்றைக்கும் அப்படித்தான். வரன் வரும், கல்யாணம் ஆகும், பந்தியில் நின்று எல்லாருக்கும் சிரிப்பாள், காலில் விழுந்து எழுந்திருப்பாள், அப்போதும் பேசமாட்டாளோ? புனே போன்ற ஏதோ ஒரு ஊரிலிருந்து அம்மாவுக்குப் போன் வரும், “அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்காம்” என்று கஸ்தூரியிடம் கேட்பாள், கஸ்தூரி பக்கத்தில் இருக்கிற அவரைப் பார்த்துக்கொண்டே, நல்லா இருக்கார் என்பாள். இப்படியே எத்தனை வீட்டில் நடக்கிறது, அக்கம்பக்கத்திலேயே பார்த்திருக்கிறார், ஒரே ஒரு சொல்லில் ஆரம்பித்து, பாடை கட்டுகிற நாள்தான் வாய் திறந்து அழுவார்கள். அவருக்குப் பயமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில், சொந்த வீட்டில், தாளிக்கிற வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பயந்தார். கேட்கிறவள் இனிமேல் கேட்கமாட்டாள். அப்படியானால் கேட்க வேண்டியது யார்? இது அவருக்கு ஏன் இத்தனை மாதமாகத் தோன்றவில்லை, கொடுக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்ததால் தோன்றவில்லையா? எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. அறைக் கதவு வரைக்கும் நாலு எட்டு, என்ன சொல்வது என்று ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை, தட்டிவிட்டார்.

“யாரு?” என்றது உள்ளே.

“நான்தான்.”

கீபோர்டு சத்தம் நின்றது. திரும்பிவிடலாமா என்று கால் பரபரத்தது. பிறகு கதவு பாதி திறந்தது. காதிலிருந்து இறக்கிய ஹெட்போன் கழுத்தில் தொங்க மோனிஷா நின்றாள். என்ன என்று வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டாள்.

“என் போன்ல நெட்டு வரல,” என்றார் ஏகாம்பரம். “புதுசுல சேத்துவிடேன்.”

அவள் கையை நீட்டினாள். கொடுத்தார். வாங்கித் திரையைப் பார்த்தாள்; டவர் முழுசாக நின்றது, அதன் பக்கத்தில் ஹாட்ஸ்பாட் குறி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்காமல் வந்துவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் தலையைத் தூக்கி, ஃப்ரிட்ஜை அல்ல, அவரைப் பார்த்தாள்.

“இதுல கம்பெனி கனெக்‌ஷன் இருக்கே. அன்லிமிட்டெட்.”

“தீந்துபோச்சு.”

“அன்லிமிட்டெட் எப்படிப்பா தீரும்?”

எத்தனை லாரிக்காரர்களிடம் எத்தனை பொய் சொல்லிச் சரக்கை ஏற்றி அனுப்பியவர். அந்த நேரத்துக்கு ஒரு பொய் வாய்க்கு வரவில்லை. “தீந்துபோச்சும்மா,” என்றார் மறுபடியும். “அன்னிக்கு நான் பேசினேனே, அதோட தீந்துபோச்சு. கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காரட்டுமா?”

மோனிஷா அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய், நாற்காலிமேல் குவிந்திருந்த துவைத்த துணியையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிலில் போட்டாள்.